ஒரு வேல்யூ

"சேச்சி, நெட் உண்டு. பக்ஷே போட்டோ போகுந்நில்ல."

புளியரையில் வாடகைக்கு இருந்த மலையாள டீச்சர்தான் முதலில் கூப்பிட்டார். 2019, சாரல் காலம். குற்றாலத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை, மழைக்குக் கேபிள் அறுந்ததுதான் மிச்சம். நான் செங்கோட்டைப் பக்கம் ஒரு கேபிள் ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். டிவி லைன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்த புதிது. பி.எஸ்சி. கணிதம் படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் தெரிந்திருக்கும் என்று முதலாளி அண்ணாச்சி உட்கார வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எக்செல் மட்டும்.

ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அப்போது என் கையில் இருந்த ஒரே வைத்தியம் அதுதான். டீச்சர் போனை வைப்பதற்குள் பிரானூரிலிருந்து மர அறுவை மில்காரர். "யம்மா, வாட்ஸப்புல எழுத்து போவுது. தடியோட படம் போவ மாட்டேங்கு. பார்ட்டி படம் பாக்காம அட்வான்ஸ் தர மாட்டான்." சாயங்காலத்துக்குள் 14 பேர். எல்லோருக்கும் ஒரே கதை: பேச்சு போகிறது, படம் போகவில்லை. சில வெப்சைட் திறக்கிறது, சிலது வெள்ளையாய் நிற்கிறது. பிங் அடித்தால், அதாவது ஒரு சின்னத் தரவுப் பொட்டலம் (பாக்கெட்) அனுப்பிக் கேட்டால், பதில் சுத்தமாக வருகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு முள் பறக்கிறது, அப்லோடு முள் எழுந்திருக்கவே இல்லை.

லைன்மேன் அண்ணன் 11 நாள் மழையில் ஏணியோடு அலைந்தார். வீட்டு வீட்டுக்கு ஓ.என்.யு. (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) மாற்றினார். கனெக்டரை வெட்டி வெட்டிப் புதிதாய்ப் போட்டார். குரங்கு இழுத்த கேபிள் என்று எஸ் வளைவுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஃபைபரை ஒட்டி ஸ்ப்ளைஸ் செய்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. நான் போனில் வசவு வாங்கினேன். அந்த வசவில் பாதியை இங்கே எழுத முடியாது.

பன்னிரண்டாம் நாள், எங்களுக்கு லைன் கொடுக்கிற இடத்திலிருந்து ஒருவர் போன் செய்து, அண்ணாச்சியிடம் எங்கள் ரூட்டரின் பாஸ்வேர்டை வாங்கினார். ஐந்து நிமிடம். மில்காரரின் படம் போய்விட்டது. நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கேட்டேன்.

"என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு வேல்யூ மாத்தினேன்."

வைத்துவிட்டார். எந்த வேல்யூ, எங்கே, எதிலிருந்து எதுக்கு? லைன்மேன் அண்ணனுக்கு அதில் அக்கறை இல்லை. அண்ணாச்சிக்கு மாதம் பிறந்தால் பணம் வசூலாக வேண்டும். எனக்குத்தான் அது நகக்கண்ணில் ஏறிய சிராய் மாதிரி கிடந்தது. கணக்குப் படித்தவளிடம் விடையைக் காட்டாமல் "சரியாயிட்டு" என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்?

ரூட்டர் பக்கம் என்னை விடமாட்டார்கள். விட்டாலும், 300 வீட்டுக்கு லைன் போகிற பெட்டியில் கை வைத்துப் படிக்க முடியாது. அப்புறம் அந்த ரூட்டரும் கெட்டுப்போய் வேறு வந்துவிட்டது. மிஞ்சியது மேசை டிராயரில் இருந்த இரண்டு பக்க பிரிண்ட் அவுட். பழைய ரூட்டரின் செட்டிங் முழுவதும் அதில் இருந்தது. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்த எதுவும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில் தென்காசியில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். 4 ஜி.பி. ராம். மூடி ஒரு பக்கம் ஆடும், புத்தகத்தை முட்டுக்கொடுத்தால் நிற்கும். சித்தி மகன் உபுண்டு ஏற்றிக் கொடுத்துவிட்டு, "அக்கா, இதுல வைரஸ் வராது, கேமும் வராது" என்று சொல்லிப் போனான்.

முதலில் எல்லோரையும்போல சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரில்தான் ஆரம்பித்தேன். பணம் கேட்பதில்லை, ஆனால் மூலநிரல் திறந்திருப்பதல்ல. படமாக ரூட்டரை இழுத்து வைத்து, கோடு போட்டுச் சேர்க்கலாம். ரூட்டிங், வி.லேன், சப்நெட் எல்லாம் அங்கேதான் கற்றேன், நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் அது சிமுலேஷன். ரூட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருவர் எழுதிவைத்த நாடகம். எழுதியவர் நினைத்துப் பார்க்காத கோளாறு அந்த மேடையில் வராது. எனக்கு வேண்டியதோ அப்படிப்பட்ட கோளாறுதான்.

எமுலேஷன் வேறு சாதி. நிஜமான மென்பொருள், பொய்யான பெட்டிக்குள் ஓடுகிறது. ஜி.என்.எஸ்.3 அந்த வகை. அதன் அடியில் இருக்கும் டைனமிப்ஸை 2005-ல் கிறிஸ்டோஃப் ஃபியோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். சிஸ்கோ ரூட்டரின் சில்லையே மென்பொருளில் நடித்துக் காட்டும், மேலே சிஸ்கோவின் அசல் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். ஓடும். ஜெரமி கிராஸ்மன் அதற்குப் படம் வரையும் முகத்தைக் கட்டி ஜி.என்.எஸ்.3 ஆக்கினார். இங்கே பலர் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: ஜி.என்.எஸ்.3 திறமூலம், அதற்குள் ஓடும் ஐ.ஓ.எஸ். திறமூலம் அல்ல. அந்தக் கோப்பை நாமேதான் முறையாகக் கொண்டுவர வேண்டும். "டெலிகிராமில் கிடைக்கும்" என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. நல்ல பிள்ளை என்பதால் அல்ல, அதில் என்ன ஒட்டி வருமோ என்ற பயம்.

தெரிந்த ஒருவர் தன் பயிற்சிக்கூடத்தில் உரிமத்தோடு வைத்திருந்ததில் உட்கார்ந்து ஒருநாள் பார்த்தேன். ரூட்டர் ஒன்று சும்மா நின்றாலே ப்ராசஸர் 100 சதவீதம் போனது. ஐடில்-பிசி என்ற எண்ணைக் கொடுக்கும்வரை, வேலையில்லாத ரூட்டரும் வேலை பார்ப்பதாக டைனமிப்ஸ் நினைத்துக்கொண்டிருக்கும். என் லேப்டாப்பில் இதை ஏற்றினால் விசிறியே கழன்று வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு கண்டதுதான் எனக்கு வாய்த்தது, அதுவும் லினக்ஸுக்குள்ளேயே இருந்தது. நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நடுவில் ஒரு தட்டி வைப்பார்களே, அடுப்பு வேறு, வாசல் வேறு, கூரை ஒன்று. அதே கதை. கர்னல், அதாவது லினக்ஸின் மையம், ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தட்டிக்குள்ளும் தனி ஐ.பி. முகவரி, தனி ரூட்டிங் டேபிள், தனி ஃபயர்வால். இரண்டு தட்டிக்கு நடுவே வெத் என்று ஒரு ஜோடி. ஒரு முனையில் போட்டது மறுமுனையில் வரும், பொய்யான ஈதர்நெட் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்கர் மாதிரி கண்டெய்னர்கள் நிற்பதும் இந்தத் தட்டியின் மேல்தான். பத்து தட்டி வைத்தாலும் என் 4 ஜி.பி.க்கு வலிக்கவில்லை. ஓடுவதோ நிஜமான லினக்ஸின் நிஜமான டி.சி.பி., தரவைத் துண்டு துண்டாக அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் நெறிமுறை. எத்தனையோ ரூட்டர்களின் வயிற்றுக்குள் இருப்பதும் லினக்ஸ்தானே.

கணினிகளுக்கு ஆர்1, ஆர்2 என்று பேர் வைக்கப் பிடிக்கவில்லை. எங்கள் ரயில் பாதை இருக்கிறதே: செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். முதல் ராத்திரியே அடி வாங்கினேன். லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பேருக்கு 15 எழுத்துதான் இடம். பகவதிபுரத்தை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 15. பின்னால் ஒரு கோடும் எண்ணும் சேர்த்தால் "இது பேரே இல்லை" என்று தள்ளிவிடும். பகவதி என்று சுருக்கினேன். ஊர்க்காரர்கள் மன்னிக்கணும்.

இன்னொன்று, புதிதாய்ச் செய்கிறவர்களுக்கு: தட்டி வைத்த உடனே உள்ளே தனக்குத்தானே பேசிக்கொள்ளும் லூப்பேக் கூட எழுந்திருக்காது, படுத்துக் கிடக்கும். எழுப்பிவிடணும். நடுவில் இருக்கிற தட்டி அடுத்தவர் பாக்கெட்டைக் கடத்திவிடவும் தானாக ஒத்துக்கொள்ளாது. ஐ.பி. ஃபார்வர்டிங்கை 1 என்று வைத்தால்தான் அது ரூட்டர். நான் இதற்கு இரண்டு நாள் செலவழித்தேன்.

மினிநெட் என்று ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் செய்தது, இதே நேம்ஸ்பேஸ்களைப் பைத்தானில் வரிசையாகக் கட்டித் தரும். ஒரே வரியில் 50 கணினி எழும்பும். வலையை மென்பொருளால் ஆளும் எஸ்.டி.என். படிப்பவர்களுக்கு அதுதான் கோயில். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கட்டுமானத்தைக் கையால் செய்தால்தான் என் மண்டையில் ஏறும்.

ரூட்டிங் நெறிமுறை ஓட வேண்டும் என்று வந்தபோது கத்தாராவுக்குப் போனேன். ரோமா த்ரே பல்கலைக்கழகத்தில் முன்பு நெட்கிட் என்று செய்திருந்தார்கள், அதன் வாரிசு இது, டாக்கர் மேல் ஓடுகிறது. எந்த ரூட்டரின் எந்த முனை எந்தக் கம்பியில் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், வலை எழும்பிவிடும். உள்ளே எஃப்.ஆர்.ஆர்., ரூட்டிங் நெறிமுறைகளை ஓட்டும் மென்பொருள். இதன் வம்சாவளி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1996-ல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கியது ஜீப்ரா. அது நின்றுபோக, அதிலிருந்து கிளைத்தது குவாக்கா. குவாக்கா என்பது வரிக்குதிரையில் ஒரு வகை, கடைசி ஒன்று 1883-ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் செத்தது. இல்லாமல் போன மிருகத்தின் பேரை மென்பொருளுக்கு வைத்தார்கள், அதுவும் வேகம் குறைந்து, 2017-ல் எஃப்.ஆர்.ஆர். பிரிந்தது.

ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையை ஓடவிட்டு, பிங் போய்க்கொண்டிருக்கும்போதே தென்மலையைச் சத்தமில்லாமல் ஊமையாக்குவேன். அக்கம்பக்கத்து ரூட்டர் 10 வினாடிக்கு ஒருமுறை ஹலோ கேட்கும், 40 வினாடி பதில் இல்லையென்றால்தான் செத்ததாகக் கணக்கு. அந்த 40 வினாடியைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் படித்தால் அது ஒரு எண். திரையில் பிங் வரிசை நின்றுபோய்க் காத்திருக்கும்போதுதான், போனில் கத்துகிற மில்காரருக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தனித்தனி வலைகள் தங்களுக்குள் வழி பேசிக்கொள்ளும் பி.ஜி.பி.யை எங்கள் தமிழ்நாடு-கேரள பார்டரை வைத்தே கட்டினேன். கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் ஏ.எஸ். எண் (ஒரு வலையின் அடையாள எண்) 64512, அந்தப் பக்கம் 64513, இரண்டும் தனியார் உபயோகத்துக்கு ஒதுக்கிய எண்கள். இரண்டு ரூட்டரும் கைகுலுக்கிக்கொண்டன, செஷன் எழும்பிவிட்டது, ஒரு ரூட் கூடக் கடக்கவில்லை. நிலவரம் கேட்டால் "பாலிசி" என்று ஒரு வார்த்தை. புது எஃப்.ஆர்.ஆரில் வெளி ஏ.எஸ்.ஸோடு பேசும்போது, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று எழுதிக் கொடுக்காதவரை ஒன்றையும் விடாது. புளியரை செக்போஸ்டில் கம்பு தூக்கியே இருக்கும், ஆனால் பெர்மிட் இல்லாத லாரி நகராது. இது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நடுவில் ஒரு கூத்து. மூன்று பிரிட்ஜ் (மென்பொருளில் ஓடும் ஸ்விட்ச்) வைத்து முக்கோணமாகக் கட்டினேன். வலையில் வளையம் விழாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ லினக்ஸ் பிரிட்ஜில் தானாக ஓடாது, நாம்தான் ஓடவிடணும். அது தெரியாது. ஒரே ஒரு பிங் அடித்தேன். "இந்த முகவரி யாருடையது" என்று கேட்கிற ஏ.ஆர்.பி. பாக்கெட் ஒன்று முக்கோணத்தைச் சுற்ற ஆரம்பித்து, ஒன்று இரண்டாகி, மவுஸ் நகரவில்லை, மணி காட்டும் இடம் உறைந்துபோனது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக் கொன்றேன். அப்போதுதான் பழைய ஞாபகம் வந்தது. ஒரு தடவை பிரானூர் முழுக்க நெட் போய், கடைசியில் பார்த்தால், யாரோ ஒரு வயரின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் குத்தியிருந்தார்கள். வேண்டாத வயர் தொங்கக் கூடாது என்று நல்ல எண்ணம்தான். அன்றைக்கு "சூடாயி ஹேங் ஆயிட்டு" என்று ஸ்விட்சைத் திட்டினோம். ரேடியா பெர்ல்மன் 1985-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார் என்று நான் தெரிந்துகொண்டது, என் லேப்டாப்பைக் கொன்ற ராத்திரியில்.

சரி, வேல்யூவுக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பிரிண்ட் அவுட்டின் படத்தைத் திறந்தேன். இப்போது வாசிக்க முடிந்தது. ஒரு வரியில் ஜி.ஆர்.இ. டனல். அந்த வாரம் லைன்மேன் அண்ணன், "புது லைனு டனல்ல வருதாம்" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் அதை நிஜமாகவே பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கும் ரயில் சுரங்கம் என்று நினைத்தேன். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் ஒழுகி கேபிள் நனையுமோ என்றுகூடக் கேட்டேன். அண்ணாச்சியும் "இருக்கும்" என்றார்.

டனல் என்றால் இங்கே பொட்டலத்துக்குள் பொட்டலம். நம் பாக்கெட்டை அப்படியே இன்னொரு பாக்கெட்டின் வயிற்றில் வைத்து அனுப்புவது. வெளி உறைக்கு ஐ.பி. 20 பைட், ஜி.ஆர்.இ. 4 பைட். சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். டனலுக்குள் 1476தான். வீட்டு இணைப்போ பி.பி.பி.ஓ.இ. (பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் முறை), அதற்கு 8 பைட் போக 1492. ஆக, வீட்டிலிருந்து கிளம்புவது 1492 வரை இருக்கும், டனல் வாய் 1476.

இது எனக்குப் புத்தகமில்லாமல் புரிந்தது. அப்பா செங்கோட்டை ஸ்டேஷனில் போர்ட்டர். 1904-ல் கொல்லம் வரை போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. மதுரைப் பக்கமிருந்து அகலப் பாதை செங்கோட்டை வரை வந்த பிறகும், மலைக்கு அந்தப் பக்கம் போக மீட்டர்கேஜ்தான். 2010-ல் அதையும் நிறுத்தி, அகலமாக்கி, புனலூர் வரை முழுசாய் ஓடவிட்டது 2018-ல். மீட்டர்கேஜ் நிற்பதற்கு முந்தின அந்த வருஷங்களில் பெரிய வண்டியில் வந்த மூட்டையை இறக்கி, பிளாட்பாரம் மாற்றி, சின்ன வண்டியில் ஏற்றுவது அப்பாவின் வேலை. ஏறாத சாமானைப் பிரித்துக் கட்டுவார். "பிரிக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால், அனுப்பியவருக்குத் தகவல் போகும், சின்னதாய்க் கட்டி அனுப்பச் சொல்லி. (அகலப் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். என் டனல் 1476. இந்தப் பொருத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஆனால் எனக்கு எண் மறக்கவில்லை.)

டி.சி.பி. அனுப்பும் பாக்கெட்டில் பெரும்பாலும் "பிரிக்காதே" என்ற குறி இருக்கும். வழியில் வாய் சிறுத்த ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, "இங்கே இவ்வளவுதான் போகும்" என்று ஐ.சி.எம்.பி. வகை 3, குறி 4 என்று ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பணும். அனுப்பியவர் சீட்டைப் பார்த்துச் சின்னதாய்க் கட்டுவார். 1990-ல் எழுதிய ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறை ஆவணம்) 1191 இதுதான். பிரிண்ட் அவுட்டின் இரண்டாம் பக்கத்தில், ஃபயர்வாலில், கீழிருந்து மூன்றாவது வரி: ஐ.சி.எம்.பி.யில் பிங்கை மட்டும் விடு, மற்றதை எல்லாம் போடு. பாதுகாப்புக்காம். யார் எழுதினார்களோ.

அந்த ராத்திரி நாலு தட்டி வைத்தேன். செங்கோட்டை, வாடிக்கையாளர் வீடு. பகவதி, எங்கள் ஆபீஸ் ரூட்டர். ஆரியங்காவு, லைன் கொடுப்பவர். புனலூர், வெளியுலக சர்வர். பகவதிக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் ஜி.ஆர்.இ. டனல், ஊரில் இருக்கிற இடத்திலேயே. பி.பி.பி.ஓ.இ.யை முழுசாகக் கட்டச் சோம்பல், முதல் கம்பியின் எம்.டி.யூ.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1492 என்று வைத்துவிட்டேன். முதலில் ஃபயர்வால் இல்லாமல். செங்கோட்டையிலிருந்து ஒரு படத்தைப் புனலூருக்கு அனுப்பினேன். போனது. கம்பியில் போகும் பாக்கெட்டைக் காட்டும் டி.சி.பி.டம்பில் சீட்டு வருவது தெரிந்தது: முதல் பெரிய பாக்கெட், உடனே பகவதியிடமிருந்து "1476", அப்புறம் எல்லாம் அடக்கமாக.

பிறகு அந்த வரியை ஏற்றினேன். கற்றுக்கொண்ட பாதை மறக்கட்டும் என்று ரூட் கேஷைத் துடைத்துவிட்டு, படத்தை மறுபடி அனுப்பினேன்.

நின்றது. அப்படியே நின்றது.

கைகுலுக்கிய மூன்று சின்ன பாக்கெட் போனது. அப்புறம் ஒரு பெரிய பாக்கெட். பதில் இல்லை. அதே பாக்கெட் மறுபடி. இடைவெளி இரண்டு மடங்காகி மறுபடி. அதுவும் இரண்டு மடங்காகி மறுபடி. மில்காரரின் தடி படம் செங்கோட்டையில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணி ஒன்றே கால். அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி, யார்கூட பேசிட்டு இருக்க?"

பிங்கில் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், "பிரிக்காதே" குறியோடு. 1448 போட்டால் பதில் வருகிறது. 28 பைட் தலைப்பு சேர்த்தால் சரியாக 1476. 1449 போட்டால் பதிலும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. 1464 வரை இதே மௌனம். 1465-க்குப் போனால் என் கணினியே "நீளம் அதிகம்" என்று சொல்லிவிடுகிறது. நடுவில் 16 அளவுகள், யாரும் ஒன்றும் சொல்லாத இடம். நாங்கள் 11 நாளும் சாதாரண பிங் அடித்துக்கொண்டிருந்தோம், அது 56 பைட்டும் 32 பைட்டும். குட்டிப் பாக்கெட் அது, போகாமல் என்ன செய்யும்? இந்த மாதிரி இடத்துக்கு வலைக்காரர்கள் வைத்த பேர் கருந்துளை. 2000-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2923-ல் இதைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சில சைட் திறந்து சிலது ஏன் நின்றது? அதையும் செய்து பார்த்தேன். இறங்கு திசையில் சீட்டு எழுதுவது ஆரியங்காவு, வாங்குவது புனலூர். புனலூர் வாங்கிக்கொண்டால் பக்கம் திறக்கிறது. புனலூரும் தன் வாசலில் ஐ.சி.எம்.பி.யை அடைத்துவைத்திருந்தால் வெள்ளைத் திரை. அதாவது எங்கள் பக்கம் ஒரு பயந்தாங்கொள்ளி, அந்தப் பக்கம் இன்னொரு பயந்தாங்கொள்ளி.

நடுவில் ஒரு விஷயம் என்னை அரை நாள் சுற்றவிட்டது, உங்களுக்கும் நடக்கும். பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் 1500 போகிற கம்பியில் 14,000 பைட் பாக்கெட் போகிறது. பைத்தியம் பிடித்ததுபோல இருந்தது. பாக்கெட்டை நறுக்கும் வேலையைக் கடைசிவரை தள்ளிப்போடுவது லினக்ஸின் வழக்கம், நெட்வொர்க் அட்டை நறுக்கிக்கொள்ளட்டும் என்று. பொய்க் கம்பியில் நறுக்க அட்டை ஏது? மொத்தமாகவே போய்விடும். ஈத்டூல் என்ற கட்டளையில் இதற்கான டி.எஸ்.ஓ., ஜி.எஸ்.ஓ., ஜி.ஆர்.ஓ. என்ற மூன்று அமைப்பையும் அணைத்த பிறகு கண்ணுக்கு நியாயமான அளவு தெரிந்தது.

மருந்து இரண்டு. முறையானது, அந்த ஃபயர்வால் வரியில் வகை 3, குறி 4-ஐ விடுவது. ஆனால் அடுத்தவர் வாசல் நம் கையில் இல்லையே. அதனால் எல்லோரும் செய்வது இன்னொன்று: டி.சி.பி. கைகுலுக்கும்போதே "எனக்கு இவ்வளவு பெரிய துண்டுதான் வேண்டும்" என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும், அதன் பேர் எம்.எஸ்.எஸ். நடுவில் இருக்கும் ரூட்டர் அந்த எண்ணை மட்டும் திருத்திவிடும். 1476-ல் தலைப்புகளுக்கு 40 போக, 1436. பகவதியில் லினக்ஸின் ஃபயர்வாலான ஐ.பி.டேபிள்ஸில் ஒரு வரி போட்டேன். படம் போய்விட்டது.

ஒரு வேல்யூ. 1436. அந்த மனுஷர் அன்றைக்குப் போட்டது இதுவாகத்தான் இருக்கணும். இரண்டு வினாடி செலவழித்து அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் நான் இதையெல்லாம் படித்திருக்கமாட்டேன், அதுவும் உண்மை.

போன மாதம் லைன்மேன் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். லேப்டாப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தி, நாலு டெர்மினலைத் திறந்து காட்டினேன். ஸ்டேஷன் பேரைப் பார்த்ததும் ஆர்வமாகிவிட்டார்.

"இதுல 1448-னு அடிங்கண்ணே."

அடித்தார். வந்தது.

"இப்ப 1449."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி 1448. வந்தது. மறுபடி 1449.

"ஒரு பைட்டுக்கா?" என்றார். "பாப்பா, அந்த மழையில எத்தன கனெக்டர வெட்டுனேன் தெரியுமா?"

அம்மா காப்பி கொண்டுவந்தாள். அண்ணன் குடித்துக்கொண்டே நெட்எம் கேட்டுத் தெரிந்துகொண்டார். லினக்ஸிலேயே இருப்பதுதான், கம்பியில் வேண்டுமென்றே தாமதம் கூட்டலாம், நூற்றுக்கு ஐந்து பாக்கெட்டைத் தொலைக்கலாம், வரிசை மாற்றலாம். "இது தூத்தல். இத 20 ஆக்குனா அடமழை" என்று அவரே பேர் வைத்துக்கொண்டார். அப்புறம் திரையை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல இடி விழுமா?"

விழாது என்றேன். கனெக்டர் துருப்பிடிக்காது. குரங்கு இழுக்காது. ஃபைபர் மடங்கி வெளிச்சம் குறையாது. கரண்ட் ஏறி இறங்கி அடாப்டர் சாகாது. அதெல்லாம் இதில் இல்லை.

"சரிதான்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் பைக் நிறுத்தாமலே கூப்பிட்டு, ஒரு எட்டுப் போர்ட் ஸ்விட்சைக் கையில் கொடுத்தார். வல்லத்தில் முந்தின ராத்திரி விழுந்த இடி. ஏழு போர்ட் வேலை செய்கிறதாம், மூன்றாவதில் போட்டால் மட்டும் மற்ற எல்லாமும் மெதுவாகிறதாம். "ஒன் பொட்டியில இதுக்கு ஒரு நம்பர் இருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது போர்ட்டை மோந்து பார்த்தேன். கருகல் வாசனை இன்னும் இருந்தது.